ஜவ்வு

ஏழாயிரம்பண்ணையில் தீப்பெட்டி ஆபீஸுக்கு அடுத்தபடியாக அதிகம் இருப்பது முதுகுவலி நிபுணர்கள்! இடுப்பில் பிடித்து, இடது கால் பெருவிரல் வரைக்கும் எனக்குக் கரன்ட் பாய்ந்த அன்று, டீக்கடை பெஞ்சிலேயே நாலு பேர் சிக்கினார்கள். 'எண்ணெயைத் தேய்ச்சு மிதிச்சு விட்டா சரியாப் போகும் தம்பி' என்ற அண்ணாச்சி, மிதிப்பதற்கு வேட்டியை மடித்தும் கட்டிவிட்டார். ஓடித் தப்பிக்கவும் முடியாத நிலைமை எனக்கு.

ஸ்கேனில் எல்-4, எல்-5 எலும்புகளுக்கு நடுவே ஜவ்வு பிதுங்கியிருந்தது. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் படத்தை மட்டும் பார்த்துவிட்டு, 'ஸ்குரூ போட்டுடலாம், அடுத்த வாரம் அட்மிட் ஆயிடுங்க' என்றார்கள். எஸ்டிமேட்டைப் பார்த்ததும் பி.காம். புத்தி வலியை மறந்து கூட்டிப் பார்த்தது. கூட்டல் சரி. வீட்டுக்காரியின் செயின்தான் பத்தாது.

'இன்னொரு டாக்டரைப் பார்த்துட்டு அடகு வைக்கலாம்' என்றாள் அவள். மதுரைக்குப் போனோம். (வழியில் எத்தனை ஸ்பீடு பிரேக்கர் என்று என் முதுகைக் கேளுங்கள்.) அந்த டாக்டர் படத்தைத் தொடவே இல்லை. குதிகாலில் நடக்கச் சொன்னார். பெருவிரலைத் தூக்கச் சொல்லி அமுக்கிப் பார்த்தார். 'யூரின் ஒழுங்காப் போகுதா?' என்றார். அப்புறம்தான் ஸ்கேன்.

'படத்துக்கு ஆபரேஷன் பண்ணக் கூடாது சார், ஆளுக்குத்தான் பண்ணணும்' என்றார். அமெரிக்காவில் முதுகுவலியே இல்லாத 98 பேரை ஸ்கேன் எடுத்து, 1994-ல் முடிவை வெளியிட்டார்கள். பாதிப் பேருக்கு மேல், 52 சதவீதம் பேருக்கு, எங்காவது ஓரிடத்தில் ஜவ்வு பிதுங்கியிருந்ததாம்!

ஆபரேஷனிலும் ரகம் உண்டு. மைக்ரோ டிஸ்கெக்டமி என்றால், மைக்ராஸ்கோப் வைத்து ஓர் அங்குலம் போலக் கீறி, நரம்பை அழுத்தும் துண்டை மட்டும் எடுப்பது. எண்டோஸ்கோப் என்றால் கீறல் இன்னும் சின்னது. இரண்டும் கால்வலிக்குக் கேட்கிற அளவுக்கு வெறும் முதுகுவலிக்குக் கேட்காது. எடுத்த இடத்திலேயே சிலருக்கு மறுபடி பிதுங்குவதும் உண்டு. ஸ்குரூ போடுவது, இரண்டு எலும்பையும் ஒன்றாகச் சேர்த்துவிடுகிற சமாசாரம். எலும்பு நழுவியிருந்தால் அது தேவைப்படலாம். எனக்கு நழுவவில்லை.

'காத்திருந்தா?' என்றேன். நெதர்லாந்தில் கால்வலிக்காரர்கள் 283 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்த கணக்கைச் சொன்னார். 2007-ல் வந்தது. சீக்கிரம் ஆபரேஷன் செய்தவர்களுக்கு வலி சீக்கிரம் குறைந்தது. ஆனால் வருஷக் கடைசியில் இரண்டு கோஷ்டியிலும் தேறியவர்கள் 95 சதவீதம். காத்திருந்த கோஷ்டியிலும் 39 சதவீதம் பேர் கடைசியில் கத்திக்குப் போனார்கள் என்பதையும் மறைக்காமல் சொன்னார். அதனாலேயே மனுஷரை நம்பினேன்.

மாத்திரை, நடை, பயிற்சி என்று எட்டு வாரம். கரன்ட் முழங்காலோடு நின்று, அப்புறம் அதுவும் போயிற்று. செயின் கழுத்திலேயே இருக்கிறது.

எங்கள் தெருவில் பட்டாசு லோடு ஏற்றும் ஒருவருக்கு அப்படி இல்லை. வலது செருப்பு கழன்று விழுந்ததே அவருக்குத் தெரியவில்லை. உட்காரும் இடம் மரத்து, காலையிலிருந்து மூத்திரமும் வரவில்லை. டீக்கடை பெஞ்சு அவரையும் மிதிக்கத்தான் சொன்னது. எனக்கு மதுரை டாக்டர் கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது. இதற்கு ஒருநாள்கூடக் காத்திருக்கக் கூடாது. வண்டி பிடித்து மதுரை பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ராத்திரியே ஆபரேஷன். மூத்திரம் சரியாகிவிட்டது. பாதம்தான் இன்னும் முழுசாகத் தூக்க வரவில்லை. பின்பக்கம் வார் வைத்த செருப்பைப் போட்டுக்கொண்டு, இப்போது லோடு கணக்கு எழுதுகிறார்.