அப்பா கேட்ட கேள்வி

மெடிக்கல் ஸ்கூலுக்கு விண்ணப்பிக்காமல் உடலியலில் ஆராய்ச்சிப் படிப்புக்குப் போகப்போவதாகத் தங்கச்சி சொன்ன அன்று, வீட்டில் ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. "அஞ்சாறு வருசம் எலியோட நிக்கப் போறியோ?" என்று அம்மா கேட்டா. நானும் அம்மா பக்கம்தான். மாஸ்டர்ஸ் முடித்த கையோடு சொஃப்ட்வெயார் வேலைக்குப் போனவன். அவளுடைய உதவித்தொகையையும் டொரோண்டோ வாடகையையும் எக்செலில் போட்டுக் காட்டி, "இது கட்டாது" என்றேன். பல மாதம் அவள் என்னோடு கதைக்கவில்லை.

அப்பாவுக்கு இருபது வருசமாகச் சீனி வருத்தம். இப்போது இன்சுலின் ஊசி. ஒரு நாள் அவர்தான் கேட்டார்: "பிள்ளை, நீ அங்க என்னதான் பாக்கிறாய்?"

அவள் கொப்பியில் கீறிக் காட்டினாள். கணையத்தில் சின்னச் சின்னத் தீவுகள்போலச் செல் கூட்டங்கள் இருக்கின்றன. மொத்தக் கணையத்தில் 1, 2 வீதம்தான். அங்குள்ள பீட்டா செல்கள்தான் இன்சுலினைச் சுரக்கின்றன. இரத்தத்தில் சீனி கூடினால் செல்லுக்குள் சக்தி கூடும். பொட்டாசியம் வாசல் மூடும். கல்சியம் வாசல் திறக்கும். இன்சுலின் வெளியே வரும். உடம்பு இன்சுலினுக்கு மசியாதபோது இந்தச் செல்கள் கூடுதலாக உழைத்து, காலப்போக்கில் களைத்துவிடுகின்றன. "ஏன் களைக்குது எண்டுதான் பாக்கிறன் அப்பா."

எனக்குச் சுருக்கென்றது. விழுந்த சேர்வரைத் திரும்ப ஓடவிடுவது ஒரு வேலை, அது ஏன் விழுந்தது என்று தேடுவது இன்னொரு வேலை. இரண்டாவதுக்குத்தான் எனக்குச் சம்பளம்.

இதே டொரோண்டோவில், 1921 கோடையில், பல்கலைக்கழக உடலியல் துறையில் பாண்டிங்கோடு இன்சுலினைத் தேடிய சார்ல்ஸ் பெஸ்டுக்கு வயது 22. வைத்தியர் இல்லை, அப்போதுதான் பட்டம் முடித்த மாணவர். 1922 ஜனவரியில் 14 வயது லெனார்ட் தொம்சனுக்குப் போட்ட முதல் ஊசி சரிவரவில்லை. 12 நாள் கழித்து, கொலிப் சுத்தப்படுத்திக் கொடுத்த மருந்துதான் வேலை செய்தது. அப்போது அவரும் வைத்தியர் இல்லை, ஆராய்ச்சிப் பட்டக்காரர்தான்.

தங்கச்சியிடம் மன்னிப்புக் கேட்டேன். "எக்செலை அழிச்சிட்டியா அண்ணா?" என்றாள். அழிக்கவில்லை. வாடகைக் கணக்கு இன்னும் உண்மைதான். அதனால் எங்கள் பேஸ்மெண்ட் அறையை அவளுக்குக் கொடுத்திருக்கிறோம்.

அம்மா இன்னமும் கோயிலில் "மகள் டொக்டருக்குப் படிக்கிறா" என்றுதான் சொல்லுகிறா. யாரும் திருத்துவதில்லை.

உங்கள் பிள்ளையும் ஒருநாள் இப்படி ஒன்றைச் சொல்லலாம். எக்செலைத் திறக்க முதல், அப்பா கேட்டதைக் கேளுங்கோ.