நீர்க்குதிரை

பொட்டிபுரம் என்றால் "நியூட்ரினோ ஊரா?" என்று கேட்பார்கள். எங்களுக்கு அது மலையும் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பும்தான். கடலைப் பார்க்காமலே செத்துப்போனவர்கள் என் குடும்பத்தில் உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் 2020 மே மாதம் முழுக்க ஒரு கப்பலைப் பற்றித்தான் பேச்சு.

அண்ணன் மாலத்தீவில் ஒரு ஹோட்டல் கிச்சனில் இருந்தான். கொரோனாவில் ஹோட்டலை மூடிவிட்டார்கள், சம்பளமும் நின்றுபோனது. மே 10 அன்று கடற்படையின் ஐஎன்எஸ் ஜலஷ்வா மாலேயிலிருந்து 698 பேரைக் கொச்சியில் கொண்டுவந்து இறக்கியதை டிவியில் பார்த்தோம். அதில் அவன் இல்லை. "அடுத்த ட்ரிப்ல பேரு வந்துரும்மா" என்றான் போனில்.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் அந்தக் கப்பலைப் பற்றித் தேடிப் படித்தேன். பிறந்தது அமெரிக்காவில். 1971-ல் 'ட்ரென்டன்' என்ற பெயரில் அவர்கள் கடற்படையில் சேர்ந்தது. அதே வருஷம் டிசம்பரில், வங்கதேசப் போரின்போது, அமெரிக்கா நம்மை மிரட்ட வங்கக் கடலுக்குப் போர்க்கப்பல்களை அனுப்பியது. 36 வருஷம் கழித்து, 2007 ஜூன் 22 அன்று, அமெரிக்காவின் நார்ஃபோக்கில் வைத்தே ட்ரென்டன் நம் கடற்படையில் சேர்ந்தது. செகண்ட் ஹேண்ட் கப்பல். ஜலம், அசுவம்: நீர்க்குதிரை என்று புதுப்பெயர்.

சுமார் 17,000 டன் எடை. ஆயிரம் வீரர்களை ஏற்றலாம். பின்பக்க வயிற்றுக்குள் கடல்நீரை விட்டு, உள்ளே நிற்கும் படகுகளை அப்படியே மிதக்கவிட்டுக் கரைக்கு அனுப்பும். அடுத்தவன் கரையில் படையை இறக்கச் செய்த கப்பல் அது. ஆனால் 1991-ல் மொகதிஷுவில் போருக்கு நடுவே அமெரிக்கத் தூதரகத்தில் சிக்கிய 281 பேரை மீட்டதில் அதற்கும் பங்குண்டு. ஆளைக் கூட்டிவருவது அதற்குப் புதிதில்லை என்று அம்மாவிடம் சொன்னேன்.

"வேகமாப் போகுமாடா?"

"மணிக்கு முப்பத்தேழு கிலோமீட்டரும்மா."

"நம்ம ஜீப்பு மெட்டு ஏறுற வேகந்தான?"

அந்த ஜீப் ஓடி இரண்டு மாசம் ஆகியிருந்தது. போடிமெட்டில் கேரள எல்லையை அடைத்திருந்தார்கள். பதினேழு கொண்டை ஊசி வளைவு தாண்டினால் அம்மாவின் தோட்டம். முப்பது வருஷமாகக் காலையில் போய்ப் பொழுதுசாய வருகிற இடம். "கடலுக்குள்ள இருந்து ஆளைக் கூட்டியாறாங்க. என்னைய மெட்டத் தாண்ட விடமாட்டேங்குறாங்க," என்றாள். கோபமாகக்கூட இல்லை, கணக்குச் சொல்வதுபோல.

ஜூன் 7 அன்று ஜலஷ்வா 700 பேரோடு தூத்துக்குடிக்கு வந்தது. அண்ணன் அதில் இருந்தான். தனிமைப்படுத்தல் முடிந்து வீட்டுக்கு வந்தவனிடம் கப்பல் எப்படி இருந்தது என்று கேட்டேன். "பட்டாளத்துக்காரன் படுக்குற கட்டில்ல படுத்துத் தூங்குனேன்டா," என்றான்.

அம்மா அவனுக்குச் சோறு போட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"மெட்டு எப்பத் தொறப்பாங்கன்னு அந்தப் போன்ல பாரு."