மாஸ்டர் பாஸ்வேர்டு

ஈரோட்டுப் பக்கம் ஜவுளி மொத்த வியாபாரிகளுக்கும் மஞ்சள் மண்டிகளுக்கும் பில்லிங், ஸ்டாக், கணக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்துப் பிழைப்பவன் நான். அந்த சாஃப்ட்வேரில் ஒரு பாஸ்வேர்டு உண்டு. எந்தக் கடையில், யார் பெயரில் அடித்தாலும் திறந்துவிடும். முதலாளிக்குத் தெரியாது, கணக்குப்பிள்ளைக்கும் தெரியாது. எனக்கும் என்னிடம் வேலை பார்த்த பையன்களுக்கும் தெரியும். பையன்கள் விலகிப் போனபோது அதுவும் அவர்களோடு போயிற்று. மாற்றுவதென்றால் எல்லாக் கடைக்கும் புதுப் பதிப்பு போட வேண்டும். சோம்பலில் விட்டுவிட்டேன்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை. விபி6-இல் எழுதிய இஎக்ஸ்இ கோப்பை நோட்பேடில் திறந்தால், குப்பைக் குறிகளுக்கு நடுவே, நாம் நிரலில் எழுதிவைத்த சொற்கள் எழுத்துக்கு எழுத்து இடைவெளி விட்டு அப்படியே தெரியும். வேறு எதையோ தேடித் திறந்தபோது, பாஸ்வேர்டாக நான் வைத்திருந்த என் மகள் பெயரும் பிறந்த ஆண்டும் அங்கே பளிச்சென்று கிடந்தன. மூடிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

அடுத்தது டேட்டாபேஸான எஸ்க்யூஎல் சர்வர். அதில் 'எஸ்ஏ' கணக்குக்குச் சகல உரிமையும் உண்டு. அந்தக் கணக்கைப் பாஸ்வேர்டே இல்லாமல் விட்டிருந்த சர்வர்களைத் தேடிப்பிடித்து 2002-இல் ஒரு வார்ம் பரவியது. நான் பாஸ்வேர்டு வைத்தேன், எல்லாக் கடைக்கும் ஒன்றையே. பில் போட நாலு டேபிளில் எழுதும் உரிமை போதும். அதற்குத் தனிக் கணக்கு உண்டாக்க அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் எஸ்ஏ-வில் இணைத்தால் 'பர்மிஷன் இல்லை' என்ற எரரே வராது, போன் வராது. எனக்கு வேண்டியது அதுதான்.

பார்ட்டி பெயரைத் தேடும் பெட்டியில் தட்டச்சிடுவதை அப்படியே க்வெரியோடு ஒட்டிவிடுவேன். மும்பை பார்ட்டி ஒருவரின் பெயர் டி'சூசா. நடுவிலுள்ள அந்த ஒற்றைக் குறி வந்ததும் ஸ்கிரீன் எரர் அடித்தது. குறி இல்லாமல் அடிங்கண்ணா என்று கணக்குப்பிள்ளைக்குச் சொல்லி அனுப்பினேன். இந்த ஓட்டை வழியாக டேட்டாபேஸுக்குள் புகலாம் என்று 1998-லேயே எழுதிவிட்டார்கள். பாராமீட்டர் வைத்து எழுதினால் தீர்ந்தது. புதிதாகச் சேரும் பையன்களுக்கு முதல் வாரம் நான் எடுக்கும் பாடமே அதுதான்.

2017 ஜூன் கடைசி வாரம். ஜிஎஸ்டி ஜூலை 1-இல் தொடக்கம். எல்லாக் கடையிலிருந்தும் ஒரே நேரத்தில் போன். இஎக்ஸ்இ-யை கூகுள் டிரைவில் போட்டு லிங்க் அனுப்பினேன். ஆன்டிவைரஸ் தடுத்தால் கொஞ்ச நேரம் அணைத்து வையுங்கள் என்றேன். அதே வாரம், ஜூன் 27-இல், உக்ரைனில் ஊரெல்லாம் பயன்படுத்தும் மெடாக் என்ற வரிக்கணக்கு சாஃப்ட்வேரின் அப்டேட் வழியாக நாட்பெட்யா என்ற மால்வேர் புகுந்தது. சாஃப்ட்வேர் கொடுத்தவனின் சர்வரைப் பிடித்தார்கள், வாங்கியவர்களின் கம்ப்யூட்டரெல்லாம் விழுந்தன. மேர்ஸ்க் கப்பல் கம்பெனி வரை அடி. என்னைப் போலக் கணக்கு சாஃப்ட்வேர் விற்கிறவன் வழியாக வந்த அடி. எங்கோ நடந்த கதையாகப் படித்துவிட்டு அடுத்த லிங்க்கை அனுப்பினேன்.

பிறகு என் சாஃப்ட்வேர் ஓடும் கடை ஒன்றிலேயே கோப்புகளைப் பூட்டும் ரான்சம்வேர் புகுந்தது. முதலாளி வீட்டிலிருந்தே விற்பனையைப் பார்க்க ஆசைப்பட்டார் என்று ரவுட்டரில் 3389 போர்ட்டைத் திறந்து, ரிமோட் டெஸ்க்டாப்பை இணையத்துக்கு நேராகவே விட்டிருந்தேன். விபிஎன் போட்டிருக்க வேண்டும். "தம்பி, பில்லு ஒண்ணும் தெறக்க மாட்டேங்குது, என்னமோ இங்கிலீசுல எழுதியிருக்குது, சீக்கிரம் வாங்க" என்று காலையில் போன். டி டிரைவ் பேக்கப்பும் போயிருந்தது, எந்நேரமும் செருகியே கிடந்த பென்டிரைவும் போயிருந்தது. இப்படிப்பட்ட சம்பவத்தை ஆறு மணி நேரத்துக்குள் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் உத்தரவு. அந்த ஆறு மணி நேரத்தில் நான் மெஷினை ஃபார்மட் அடித்துக்கொண்டிருந்தேன். எந்த வழியாக வந்தார்கள் என்று காட்டும் தடயமெல்லாம் என் கையாலேயே அழிந்தது.

கடைசியில் கைகொடுத்தது என் லேப்டாப்பில் கிடந்த பழைய டேட்டா. டெஸ்டிங் செய்ய அந்த முதலாளியின் பார்ட்டிகளின் பாக்கித் தொகையோடு, அவரைக் கேட்காமல் எடுத்து வைத்தது. அதுவும் தப்புதான், அன்றைக்கு என்னவோ மானத்தைக் காப்பாற்றியது. இடைப்பட்ட வாரங்களின் பில்களைக் கணக்குப்பிள்ளை கார்பன் காப்பியைப் பார்த்து இரவெல்லாம் அடித்தார்.

முதலாளியிடம் "வைரஸுங்கண்ணா" என்றேன். போர்ட்டைப் பற்றியோ பாஸ்வேர்டைப் பற்றியோ வாய் திறக்கவில்லை. நம்பினார். நம்பி, என்னிடமே புது ஆன்டிவைரஸ் லைசென்ஸ் வாங்கினார். அதில் வந்த கமிஷனையும் வாங்கிக்கொண்டேன். மற்ற எல்லாவற்றையும் சோம்பல் என்று சொல்லலாம். இதை அப்படிச் சொல்ல முடியாது.

இப்போது புதுப் பதிப்பில் மாஸ்டர் பாஸ்வேர்டு இல்லை. கடைக்கு ஒரு டேட்டாபேஸ் கணக்கு, பயனர் பாஸ்வேர்டுகள் பிக்ரிப்ட் ஹாஷாக. பேக்கப் எடுத்ததும் டிஸ்க்கைக் கழற்றி முதலாளி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மாதம் ஒருமுறை அதை வேறு மெஷினில் ரீஸ்டோர் செய்து பார்க்கிறோம். முதல் தடவை பார்த்தபோதே இரண்டு கடைகளின் பேக்கப் திறக்கவில்லை.

ஏஎம்சி என்ற வருடப் பராமரிப்புக் கட்டணம் கட்டாத கடைகளில் மட்டும் பழையதே ஓடுகிறது. அங்கே என் மகள் பெயர் இன்றும் திறக்கும். காசு கொடுக்காதவனுக்கு எதற்கு அப்டேட் என்று இருந்துவிட்டேன். ஓட்டை வைத்தவன் நானாக இருக்க, அதை அடைக்க அவர்களிடம் கூலி கேட்டது எந்த ஊர் நியாயம் என்று தெரியவில்லை. இந்த மாதம் போய் இலவசமாகவே போட்டுக் கொடுக்கப் போகிறேன். கேட்காமலே ஏன் வந்தாய் என்பார்கள். அதற்குச் சொல்ல வேண்டியதைத்தான் இங்கே எழுதிப் பார்த்திருக்கிறேன்.