வம்சமா, கிணற்றுத் தண்ணீரா?

பென்னாகரம், ஒகேனக்கல் பக்கம் சம்பந்தம் பேசினால் ஜாதகத்துக்கு முன்னாலேயே ஒரு விசாரிப்பு நடக்கும். "பொண்ணோட அம்மா எப்படி? ஆயா எப்படி? யாராவது மனசு சரியில்லாம படுத்துக் கெடந்தாங்களா?" மாப்பிள்ளை வீட்டை யாரும் இப்படித் துருவுவதில்லை. எழுபதைத் தாண்டிவிட்ட நான், இந்த ஒரு கேள்வியால் நின்றுபோன சம்பந்தங்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

மனச்சோர்வு ரத்தத்தில் வருமா என்றால், வரும்தான். ஆனால் ஊர் நினைக்கிற மாதிரி இல்லை.

எங்கள் தருமபுரி மாவட்டத்துக்காரர்களுக்குப் பல்லை வைத்துச் சொன்னால் சட்டென்று விளங்கும். தாத்தா, மகன், பேரன் எல்லாருக்கும் பழுப்புப் பல்லாக இருந்தால் "அது அவங்க வம்சப் பல்" என்று சொல்லிவிடுவார்கள். காரணம் வம்சம் இல்லை, நிலத்தடி நீரில் இருந்த ஃபுளோரைடு. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டினால் அது ஆகாது. அதற்காகத்தானே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013இல் காவிரித் தண்ணீர் குழாயில் வர ஆரம்பித்தது! மூன்று தலைமுறையும் ஒரே கிணற்றில் குடித்தால், கிணறு செய்த வேலை வம்சம் செய்ததுபோலத் தெரியும்.

மனச்சோர்விலும் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க ஆராய்ச்சிக்காரர்கள் இரட்டையரைத் தேடிப் போனார்கள். அச்சாக ஒன்றுபோல இருக்கும் இரட்டையருக்கு மரபணு முழுக்க ஒன்று. மற்ற இரட்டையருக்குச் சராசரியாகப் பாதிதான் பொது. வளர்ந்த வீடோ இரு வகைக்கும் ஒன்றே. கென்னத் கெண்ட்லர் குழுவினர் சுவீடனில் பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட இரட்டையர் ஜோடிகளை ஆராய்ந்து 2006இல் சொன்ன கணக்கு: மரபின் பங்கு பெண்களிடம் சுமார் 42 சதவீதம், ஆண்களிடம் 29. அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கு 42 சதவீதம் வரும் என்று இதைப் படித்துவிடக் கூடாது. ஒருத்திக்கு வந்து இன்னொருத்திக்கு வராமல் இருக்கிறதே, அந்த வித்தியாசத்தில் மரபுக்கு இவ்வளவு பங்கு என்பதுதான் கணக்கு. பாதிக்கு மேல் கிணற்றுக்குத்தான்.

எந்த மரபணு என்று தேடிப் போனது பெரிய அலைச்சல். 2003இல், மூளையில் செய்தி கடத்தும் செரட்டோனின் சம்பந்தப்பட்ட ஒரு மரபணுவைப் பிடித்துக்கொண்டு உலகமே கொண்டாடியது. 2019இல் லட்சக்கணக்கானவர்களின் தரவை வைத்துப் பார்த்தபோது அது நிற்கவில்லை. நடுவில், 2015இல், சீனாவில் நடந்த ஆய்வுதான் என்னைக் கவர்ந்தது. பெண்களை மட்டுமே எடுத்துக்கொண்டார்கள். மனச்சோர்வு கடுமையாகத் திரும்பத் திரும்ப வந்த 5,303 பேர், வராத 5,337 பேர். எல்லாருமே ஹான் இனத்தவர். எச்சிலிலிருந்து மரபணுவைப் பிரித்துப் படித்து, பத்தாவது குரோமோசோமில் இரண்டு இடங்களைக் கண்டார்கள். ஒன்று, உயிரணுவுக்குச் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்டிரியாவோடு தொடர்புள்ள மரபணுவின் பக்கத்தில் இருக்கிறது. கை தூக்க முடியாமல் கிடப்பவளைத் திமிர் பிடித்தவள் என்று ஏசுகிற மாமியார்களுக்கு இதைப் படித்துக் காட்ட வேண்டும். 2025இல், 29 நாடுகளின் ஐம்பது லட்சம் பேரை ஆராய்ந்து வந்த முடிவு, மரபணுவில் கிட்டத்தட்ட எழுநூறு மாறுபாடுகளைக் காட்டியது. ஒவ்வொன்றின் பங்கும் கடுகளவுதான். அப்படியிருக்க, "அந்த வீட்டு ரத்தம்" என்று எந்தக் கடுகைக் காட்டி ஒரு பெண்ணைத் தள்ளுவீர்கள்?

கிணற்றைப் பற்றிச் சொல்ல வேலூரே போதும். கணியம்பாடி வட்டாரத்துக் கர்ப்பிணிகளைப் பிரசவத்துக்குப் பிறகும் பின்தொடர்ந்த ஆய்வு 2002இல் வெளியானது. நூற்றுக்குச் சுமார் 11 பேருக்குப் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. எந்தப் பெண்களுக்கு அதிகம் வந்தது என்று பாருங்கள்: வருமானம் குறைந்தவர்கள், ஆண் பிள்ளையை எதிர்பார்த்திருந்து பெண் பிறந்தவர்கள், மாமியாரோடும் பெற்றவர்களோடும் ஒத்துப்போகாதவர்கள், வேலையில் கைகொடுக்க ஆள் இல்லாதவர்கள். பெண் பிறந்தது என்று குழந்தையின் முகத்தைப் பார்க்காமல் போன வீடுகளை எங்கள் தருமபுரி மாவட்டமும் அறியும். வேண்டாமென்று விடப்படும் பெண் குழந்தைகளை அரசே ஏற்றுக்கொள்ளும் தொட்டில் குழந்தைத் திட்டம் இங்கே வந்ததே அதனால்தான். அந்த வீடுகளில் பெற்றவள் எப்படி இருந்தாள் என்று கேட்டவர்கள் குறைவு. அவளுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று தாயத்துக் கட்டினார்கள். ஆடி அமாவாசைக்கு ஒகேனக்கல்லுக்கு அழைத்து வந்து ஆற்றில் முழுக வைத்தார்கள். முழுகி எழுந்து அதே வீட்டுக்குத்தானே போனாள்.

சம்பந்தம் பேசுகிறவர்கள் விசாரிப்பதை விடப்போவதில்லை, எனக்குத் தெரியும். பெண் வீட்டாரும் விசாரியுங்கள்: பிரசவமானால் ராத்திரியில் குழந்தையை யார் தூக்குவார்கள், பெண் பிறந்தால் இந்த வீட்டில் என்ன பேசுவார்கள். அம்மாவுக்கோ அக்காவுக்கோ மனச்சோர்வு இருந்திருந்தால், கர்ப்பமானவுடன் கிராம நர்ஸிடம் சொல்லிவிடு கண்ணு. மறைக்க அதில் ஒன்றுமில்லை. முன்கூட்டியே தெரிந்தால் அவர்கள் கவனித்துக்கொள்வார்கள். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவள் என்றால், டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வர முடியாதவர்கள் 14416ஐ அழைக்கலாம். ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.