சபுர்: ஒரு சொல், இரு பொருள்



நம் இல்லங்களில் ‘சபுர்’ என்னும் சொல் காதில் விழாத நாள் அரிது. மகன் துபாய்க்கோ சவூதிக்கோ புறப்பட்டுவிட்டால் ‘சபுர் போயிருக்கிறான்’ என்கிறோம். அவ்வாறு சென்று பொருளீட்டுவோரைச் ‘சபுராளி’ என்கிறோம். அதே வீட்டில் ஒரு துன்பம் நேர்ந்தால் பெரியவர்கள் ‘சபுர் செய்யுங்கள்’ என்று தேற்றுகிறார்கள். அரபியில் இவை இரண்டும் வெவ்வேறு சொற்கள். பயணத்தைக் குறிப்பது ஸஃபர்; ஸீன், ஃபா, ரா என்னும் எழுத்துகளால் ஆனது. பொறுமையைக் குறிப்பது ஸப்ர். ஸாத், பா, ரா என்னும் எழுத்துகளால் ஆனது. தமிழ் நாவுக்கு இசைந்து வந்தபோது இரண்டும் ஒரே ஓசையை அடைந்துவிட்டன.

இதனை உச்சரிப்புக் குறை என்று ஒதுக்குவோர் உண்டு. குர்ஆன் ஓதும்போது எழுத்துகளை அவற்றுக்குரிய இடத்திலிருந்து ஒலிக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அன்றாடப் பேச்சில் இவ்விரு சொற்களும் ஒன்றாய்க் கலந்தது நம் வாழ்வுக்குப் பொருத்தமாகவே அமைந்துவிட்டது. ஒருவர் சபுர் போகிறார். வீட்டிலிருப்போர் சபுர் செய்கிறார்கள். பல தலைமுறைகளாக நம் குடும்பங்கள் இப்படித்தான் வாழ்ந்து வருகின்றன.

நாங்கள் வாழ்வது இராயபுரத்தில். பேதுருவைத் தமிழ்க் கிறித்தவர்கள் இராயப்பர் என்று அழைப்பதால் வந்த பெயர் இது என்பர். தென்னிந்தியாவின் முதல் பயணியர் இரயில் 1856-ஆம் ஆண்டு இவ்வூரிலிருந்துதான் வாலாஜா ரோடு நோக்கிப் புறப்பட்டது. அந்த நிலையக் கட்டடம் இன்றும் நிற்கிறது. ஒருபுறம் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகம். மறுபுறம் சென்னைத் துறைமுகம். வடக்கே திருவொற்றியூரைக் கடந்து எண்ணூர் வரை கன்டெய்னர் லாரிகளின் வரிசை. ஒரு காலத்தில் இத்துறைமுகத்திலிருந்து ‘ரஜுலா’ என்னும் கப்பல் நாகப்பட்டினம், பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் சென்றுவந்தது. அக்கப்பலின் பெயரைக் கேட்டாலே எங்கள் வீட்டு மூத்தோரின் முகம் மலர்ந்துவிடும்.

ஆட்கள் கப்பலேறினால் சொற்களும் உடன் ஏறுகின்றன. கப்பலோட்டுபவரை நாம் ‘மாலுமி’ என்கிறோம். இது ‘முஅல்லிம்’ என்னும் அரபிச் சொல்லின் தமிழ் வடிவம் என்பர். முஅல்லிம் என்றால் ஆசிரியர். கடல்வழியை அறிந்து சொல்பவரை அரபு மாலுமிகள் ஆசிரியர் என்றே மதித்து அழைத்தார்கள். கப்பலைத் திருப்பும் ‘சுக்கான்’ என்பதும் அரபியிலிருந்து வந்ததே. இவற்றுக்குக் கைம்மாறாக நாமும் கொடுத்திருக்கிறோம். மலாய் மொழியில் கப்பலுக்கு இன்றும் ‘கபல்’ என்றே பெயர்; கடைக்கு ‘கெடை’. நம் கட்டுமரமோ ஆங்கிலத்துக்கே சென்று ‘கேட்டமரான்’ ஆகிவிட்டது. வடசென்னைத் தெருவில் ஒரு காலை நேரம் நின்று கேட்டால், உருதுவிலிருந்து வந்த நாஷ்டாவும் உஷாரும் பேஜாரும், போர்த்துகீசியத்திலிருந்து வந்த சாவியும் சன்னலும் அலமாரியும் கலந்து ஒலிப்பதைக் கேட்கலாம். எவரும் அவற்றை அந்நியமாக நினைப்பதில்லை. மனிதரின் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதைத் தன் அத்தாட்சிகளுள் ஒன்றாக இறைவன் கூறுகிறான் (30:22). துறைமுகத்தை ஒட்டி வாழ்வோர் அந்த அத்தாட்சியை நாள்தோறும் காதால் கேட்கிறார்கள்.

முன்பெல்லாம் சபுராளியின் செய்தி நீல நிற வான்கடிதத்தில் வந்தது. பிறகு ஒலிநாடாவில் பேசி, ஊருக்கு வருபவரிடம் கொடுத்தனுப்பினார்கள். வீட்டார் அனைவரும் டேப் ரெக்கார்டரைச் சுற்றி அமர்ந்து கேட்டுவிட்டு, அதே நாடாவின் மறுபக்கத்தில் பதில் பேசி அனுப்பியதும் உண்டு. அடுத்து ஐ.எஸ்.டி. பூத் வந்தது. இன்று இமோவும் வாட்ஸ்அப்பும் இருக்கின்றன. கருவிகள் மாறினவே தவிர, காத்திருப்பு மாறவில்லை. ஆனால் இக்கருவிகளால் புதிதாய் ஒன்று கிடைத்தது. நம் ஊராரும் உறவினரும் அல்லாத ஒருவர், முகம் காணாமலேயே நம் வீட்டு மனிதர் ஆகிவிடுகிறார்.

எங்களுக்கு அப்படி ஒருவரைத் தந்தது ‘சபுர்’ என்னும் இதே சொல்தான். எங்கள் உம்மாவின் பாட்டியார் ஓதிய அரபுத்தமிழ்க் கிதாபு ஒன்று வீட்டில் இருக்கிறது. அரபுத்தமிழ் என்பது தமிழை அரபி எழுத்தில் எழுதும் முறை. ப, ட, ண, ள, ழ போன்று அரபியில் இல்லாத ஒலிகளுக்கு, இருக்கும் எழுத்துகளோடு புள்ளிகளும் குறிகளும் கூட்டிப் புதிய எழுத்துகளை நம் முன்னோர் உண்டாக்கிக்கொண்டார்கள். கீழக்கரையில் வாழ்ந்து 1898-இல் மறைந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் போன்றோரின் நூல்கள் இம்முறையில் எழுதப்பட்டுத் தமிழகத்திலும் இலங்கையிலும் ஒருங்கே ஓதப்பட்டன. பள்ளிக்கூடம் செல்லாத பெண்கள் மார்க்கம் கற்றது பெரும்பாலும் இவ்வெழுத்தின் வழியாகத்தான். எங்கள் கிதாபின் முதல் தாளில் பாட்டியார் கைப்பட எழுதிய ஒரு வரி இருந்தது. தம் மகன் ரங்கூன் சென்ற நாளைக் குறித்து எழுதியது. அதில் ஒரு சொல்லைப் பூச்சி அரித்திருந்தது. முதலெழுத்து போய்விட்டது, எஞ்சிய பகுதியும் மங்கியிருந்தது.

அதன் படத்தை முகநூலில் இட்டுப் பொருள் கேட்டோம். கிழக்கிலங்கையைச் சேர்ந்த ஒரு சகோதரர், சவூதியின் தம்மாமில் பணிபுரிபவர், இரவெல்லாம் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து விடை அனுப்பினார். புள்ளி எழுத்துக்கு மேலே இருந்தால் அது ஃபா. கீழே இருந்தால் அது பா. இங்கே புள்ளி கீழே இருக்கிறது. எனவே உங்கள் பாட்டியார் எழுதியது பயணத்தை அன்று, பொறுமையை என்றார். மகன் சபுர் போன நாளில் தாய் தனக்குத்தானே சபுர் எழுதிவைத்திருக்கிறார். ஒரு புள்ளியின் இடத்தைக் கொண்டு எங்கள் குடும்பத்தின் ஒரு தாயை எங்களுக்கு மீட்டுத் தந்தவர், அன்றுவரை எங்களுக்கு யாரோ ஒருவர்.

அந்தப் பழக்கம் தொடர்ந்தது. அவருடைய தமிழும் எங்கள் தமிழும் ஒன்றே, ஆனால் ஒன்றல்ல. அவர் பேசுவதில்லை, ‘கதைக்கிறார்’, புறப்படுவதில்லை, ‘வெளிக்கிடுகிறார்’. ஒரு பெருநாளன்று ‘தாத்தாவுக்கும் என் ஸலாத்தைச் சொல்லுங்கள்’ என்று எழுதினார். தாத்தா காலமாகிப் பல்லாண்டுகள் ஆயிற்றே என்று பிள்ளைகள் திகைத்தார்கள். இலங்கை முஸ்லிம்கள் வழக்கில் தாத்தா என்றால் மூத்த சகோதரி! எங்கள் அக்கா அன்றிலிருந்து வீட்டில் ‘தாத்தா’ ஆகிவிட்டார். அவரை நாங்கள் ‘நானா’ என்று அழைக்கத் தொடங்கினோம். நானா என்றால் அங்கே அண்ணன்.

2019-இல் எங்கள் தம்பிக்கும் தம்மாமிலேயே வேலை அமைந்தது இறைவனின் ஏற்பாடு. மறு ஆண்டு கொரோனா வந்தது. மார்ச் மாதத்தில் விமானங்கள் நின்றன. சென்னையில் நோய் மிகுந்த மண்டலமாக இராயபுரத்தின் பெயர் நாள்தோறும் செய்தியில் வந்தது. எங்கள் தெருமுனையில் தகரத் தடுப்பு வைத்து அடைத்தார்கள். தம்மாமிலோ ஊரடங்கு. பள்ளிவாசல்கள் இரு நாட்டிலும் மூடிக் கிடந்தன. அந்நிலையில் ரமலான் பிறந்தது. மூன்றாம் நோன்பன்று தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. ஆறு பேர் தங்கிய அறையில் அவரை ஒரு மூலையில் தனியே படுக்க வைத்தார்கள். இங்கிருந்து புறப்பட வழியில்லை. அங்கிருந்து அழைத்துவரவும் வழியில்லை. உம்மா தொழுகை விரிப்பை விட்டு எழவேயில்லை.

வெளியே செல்ல அனுமதித்த சில மணி நேரத்தில் நானா கஞ்சி காய்ச்சி எடுத்துச் சென்று அறை வாசலில் வைத்தார். ஒரு நாள் அன்று. காய்ச்சல் தணிந்து தம்பி எழுந்து நடமாடும் வரை, பதினொரு நாள். மருந்துக் கடையிலும் மருத்துவமனைத் தொலைபேசியிலும் எங்களுக்காக நின்றவர் அவரே. ஒவ்வொரு நாளும் அஸருக்குப் பின் உம்மாவுக்கு ஒரு குரல் செய்தி வரும். ‘உம்மா, மகன் இன்டைக்குக் கஞ்சி குடிச்சார். அவசரமில்லை, ஆறுதலாகக் குடிக்கட்டும்’ என்பார். அவர்கள் தமிழில் ‘ஆறுதலாக’ என்றால் மெதுவாக, நிதானமாக என்று பொருள். நம் தமிழில் அது தேற்றுதலைக் குறிக்கும். உம்மாவோ இரு பொருளையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டார்கள். அச்செய்தியைத் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டுத்தான் நோன்பு திறப்பார்கள். அல்ஹம்துலில்லாஹ், பெருநாளைக்கு முன் தம்பி முழுவதும் தேறினார்.

இணைய நட்பைப் பற்றி நம் சமூகத்தில் அச்சம் உண்டு. அது நியாயமானதே. முகம் மறைத்துப் பொய் சொல்வோரும் பணம் பறிப்போரும் அங்கே மலிந்திருக்கிறார்கள். வந்த செய்தியைத் தீர விசாரிக்கும்படி குர்ஆன் பணித்திருப்பது (49:6) கைபேசிக்கும் பொருந்தும். ஆனால் கடலும் அப்படித்தான் இருந்தது. கொள்ளையரும் புயலும் இருந்த அதே கடலில்தான் மார்க்கமும் வணிகமும் நட்பும் நம் கரைக்கு வந்து சேர்ந்தன. வழியை அஞ்சி நம் முன்னோர் கரையிலேயே அமர்ந்துவிடவில்லை. வழியறிந்த முஅல்லிமைத் தேடிக்கொண்டார்கள். நம் பிள்ளைகளுக்கு இணையத்தில் நாமே அந்த முஅல்லிமாக இருக்க வேண்டும்.

நன்றி என்னும் தமிழ்ச் சொல்லுக்கு முதற்பொருள் நன்மை என்பதே. செய்த நன்மையை அறிந்திருப்பதே செய்ந்நன்றியறிதல். நன்றியின்மையை நாம் ‘நன்றி மறத்தல்’ என்கிறோம். அரபியில் ஷுக்ருக்கு எதிர்ச்சொல் குஃப்ர். அதன் வேர்ப்பொருள் மூடுதல், மறைத்தல். விதையை மண்ணால் மூடும் உழவரையும் அதே வேர்ச்சொல்லால் குர்ஆன் ஓரிடத்தில் குறிக்கிறது. ஆக, கிடைத்த நன்மையை மூடி வைப்பதே நன்றிகேடு. அதனைத் திறந்து எடுத்துச் சொல்வதே நன்றி. மனிதருக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தியவராகார் என்னும் கருத்தை நபி (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். நானாவின் உதவியை இங்கே எழுதுவதும் அதற்காகவே. அவருடைய பெயரை எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் அதை மட்டும் விட்டுவைத்தோம்.

அவருக்கு எதைக் கொண்டு ஈடு செய்வது என்று உம்மா ஒருமுறை கேட்டார்கள். எங்கள் வாசலிலேயே விடை இருந்தது. திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் ஆலைகளிலும் கிடங்குகளிலும் உழைக்கும் வடமாநில இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பீகாரிலும் ஒடிசாவிலும் அவர்களுக்கும் உம்மாக்கள் இருக்கிறார்கள். நம் வீட்டுப் பிள்ளை சபுராளி என்றால் இவர்களும் சபுராளிகளே. வழிப்போக்கரை ‘இப்னுஸ் ஸபீல்’, அதாவது வழியின் மகன் என்று பெயரிட்டு, ஜகாத் பெறத் தகுதியுடைய எண்வகையினருள் ஒருவராக இறைவன் வைத்திருக்கிறான் (9:60). பயணிக்குத் தொழுகையைச் சுருக்கிக்கொள்ளச் சலுகை அளித்த மார்க்கம் இது. அப்படியிருக்க, தமிழ் தெரியவில்லை என்பதற்காகக் கடையில் அவர்களைக் கேலி பேசுவதும், வாடகைக்கு வீடு மறுப்பதும் நமக்குத் தகுமா? அவ்வாண்டு ரமலானுக்குப் பின், எங்கள் தெருவில் தங்கியிருக்கும் நால்வருக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி போகிறது. அவர்களுள் ஒருவர் முதலில் கற்ற தமிழ்ச் சொல் ‘கஞ்சி’. உம்மா அவரிடம் கற்றது ‘தபியத்’. இருவருக்கும் அதற்கு மேல் மொழி தேவைப்படவில்லை.

ஸூரா லுக்மானின் 31-ஆம் வசனம் கடலில் செல்லும் கப்பல்களைச் சுட்டிக் காட்டுகிறது. அல்லாஹ்வின் அருட்கொடையாலேயே அவை செல்கின்றன என்றும், பெரிதும் பொறுமையும் நன்றியும் உடைய ஒவ்வொருவருக்கும் அதில் அத்தாட்சிகள் உண்டு என்றும் அது உணர்த்துகிறது. கப்பல், பொறுமை, நன்றி ஆகிய மூன்றும் ஒரே வசனத்தில்! பொறுமையோடு நன்றியும் சேர்ந்தால்தான் கப்பல் சொல்லும் பாடம் முழுமையாகிறது. காத்திருக்கத் தெரிந்த நம் வீடுகள், யாரால் அந்தக் காத்திருப்பு எளிதானதோ அவர்களை நினைவில் வைக்கவும் தெரிந்திருக்க வேண்டும்.

சகோதரருக்காக அவரறியாமல் செய்யும் துஆவுக்கு வானவர் ஆமீன் கூறி, உமக்கும் அவ்வாறே ஆகுக என்று வேண்டுவார் என்பது நபிமொழி. உங்கள் வீட்டுச் சபுராளிக்கு எங்கோ ஓரூரில் எவரேனும் ஒரு கோப்பைத் தேநீர் கொடுத்திருக்கக்கூடும். இன்று அவருக்காகவும் கையேந்துங்கள்.

இறைவா, கடலிலும் கரையிலும் வானிலும் பயணிப்போரைக் காப்பாயாக. முகமறியாமல் எங்களுக்கு உதவியோருக்கு நற்கூலி வழங்குவாயாக. பொறுமையும் நன்றியும் உடையோராக எங்களை ஆக்கியருள்வாயாக. ஆமீன்.