பொம்மையைத் துடைத்த கதை

பழைய பிளாஸ்டிக் பொம்மைகளைக் கழுவித் துடைத்துச் செப்பனிட்டு வைப்பதும் ஒரு காரியமா என்று அன்பர்கள் நகைக்கக் கூடும். நாமும் மூன்றாண்டுகளுக்கு முன்வரை அவ்வாறே நகைத்தோம். குழந்தை வளர்ந்துவிட்டால் பொம்மை குப்பைக்குப் போக வேண்டியதே என்பது நமது கொள்கையாயிருந்தது. இன்றோ ஞாயிறுதோறும் ஒரு சட்டி வெதுவெதுப்பான நீர், பழைய பல் துலக்கி, கொஞ்சம் பஞ்சு ஆகியவற்றுடன் வாசலில் உட்காருகிறோம். இம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது என்பதையும், இடையே நாம் செய்த பெரும்பிழை ஒன்றையும் மறைக்காமல் எழுதத் துணிந்தோம்.

ஜார்ஜ் டவுன் லோரோங் கூலிட் சந்தையை அறியாத பினாங்குவாசி இரார். நகர விளையாட்டரங்கின் பக்கத்தில், காலை வேளையில், தரையிலே விரிப்பிட்டுப் பழைய கடிகாரம், நாணயம், இசைத்தட்டு, சக்கரமிழந்த கார் எனப் பிறர் கழித்தவற்றையெல்லாம் பரப்பி வைப்பர். பொம்மை தேடி வருவோர் அதன் முகத்தைப் பார்ப்பதில்லை; முதலில் புரட்டி அடிப்பாகத்தைப் பார்ப்பர். எந்த நாட்டில் ஆக்கப்பட்டது, எந்த ஆண்டு என்பதே அவர்கள் கவலை. இதில் புதியவர் ஏமாறும் இடம் ஒன்றுண்டு. அங்கே பொறித்திருக்கும் ஆண்டு பெரும்பாலும் அந்த வடிவத்திற்கு உரிமை பதிந்த ஆண்டேயன்றிப் பொம்மை செய்யப்பட்ட ஆண்டு அன்று. ஆண்டைக் கண்டு மயங்கி அதிக விலை கொடுத்தவர் பலர். நாமும் அவருள் ஒருவர்.

ஹாட் வீல்ஸ் என்னும் சிறு கார்கள் 1968இல் அமெரிக்காவில் மேட்டல் நிறுவனத்தாரால் வெளியிடப்பட்டவை. 1980களிலிருந்து அவை நமது பிறையிலும் ஆக்கப்பட்டுக் கடல் கடந்து சென்றன. அடியில் ‘மலேசியா’ என்னும் சொல்லைத் தாங்கிய கார்களை அமெரிக்கச் சிறுவனும் ஐரோப்பியக் கிழவரும் கண்ணாடிப் பேழையில் பேணி வைத்திருக்கின்றனர். அச்சொல்லைப் படித்தவர் பலர் இருப்பர். அச்சொல்லுக்குப் பின்னே நின்ற கைகளைப் பற்றி எண்ணியவர் எத்தனை பேர்? இக்கேள்வி நமக்கும் அப்போது தோன்றவில்லை.

நம் அத்தை தோட்டத்து லயத்தை விட்டு அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபெயர்ந்தபோது, கட்டிலுக்கடியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டி வெளிவந்தது. அதில் மூன்று கார்கள், மின்கலத்தால் ஓடும் ஒரு ரயில் எஞ்சின், தைப்பூசத்தின்போது தண்ணீர்மலைக் கடைத்தெருவில் வாங்கிய ஊதல், மஞ்சளித்துப்போன கட்டைகள், இவற்றோடு ஒரு பெண் பொம்மை. “வேண்டுமானால் எடுத்துக்கொள், தம்பி. இல்லையேல் எறிந்துவிடு” என்றார். எடுத்துக்கொண்டோம்.

துடைக்கத் தொடங்கிய பிறகே, பிளாஸ்டிக் என்பது ஒரு பொருளன்று, பல பொருள்களுக்கு இட்ட பொதுப்பெயர் என்பது விளங்கிற்று. மெழுகுபோல் வழுக்கி நீரில் மிதப்பது பாலித்தீன். தட்டினால் கணீரென ஒலித்து எளிதில் விரிவது பாலிஸ்டைரீன். அது நீரில் அமிழும். பொம்மைத் தலைபோல் மெதுவாயிருப்பது பி.வி.சி. அதனை மென்மையாக்குவதற்காகச் சேர்த்த எண்ணெய் போன்ற பொருள் ஆண்டுகள் செல்லச் செல்ல வெளியே கசிந்து, மேற்பரப்பைப் பிசுபிசுப்பாக்கித் தூசியை இழுத்துக்கொள்ளும். அக்கசிவு அருகிலுள்ள பாலிஸ்டைரீனையும் இளக்கிவிடும். மெது டயரை உடைய கார்கள் தாம் நின்ற பெட்டியிலேயே சக்கரத் தடம் பதித்துவிடுவது இதனால்தான். போருக்கு முன் ஜப்பானிலிருந்து வந்த செல்லுலாய்டு பொம்மையோ தீப்பொறி பட்டால் பற்றி எரியும் தன்மையது. விளக்கருகே வைக்கவும் தகாது.

ஆகவே முதல் விதி, சோப்பு நீரும் மென்மையான துலக்கியுமே போதும் என்பது. பாத்திரம் கழுவும் சவர்க்காரம் இரண்டு துளி, வெதுவெதுப்பான நீர், பிறகு நிழலில் உலர்த்தல். இதற்கே முக்கால்வாசி அழுக்கு ஓடிவிடும். ரயில் எஞ்சினின் வயிற்றில் மின்கலம் கசிந்து வெள்ளைப் பொருக்காய் உறைந்திருந்தது. அது காரத்தன்மை உடைய மின்கலமாதலால் பஞ்சில் காடி தொட்டுத் துடைத்தோம். நுரைத்து இளகி வந்தது. கம்பியைச் சுரண்டி மெருகிட்டபின் எஞ்சின் ஓடிற்று. அன்று நம் வீட்டில் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை.

மஞ்சளித்த கட்டைகள் வேறு பாடம் கற்பித்தன. ஏ.பி.எஸ். என்னும் பிளாஸ்டிக் வெயிலாலும் காற்றாலும் பழுத்து மஞ்சளாகும். ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவைத்து வெயிலில் காட்டினால் வெண்மை திரும்பும் என்பதைப் பழைய கணினிகளைப் பேணுவோர் 2008ஆம் ஆண்டளவில் கண்டு பரப்பினர். கையுறை அணிந்து நாமும் செய்து பார்த்தோம்; வெளுத்தது உண்மையே. ஆனால் சில மாதங்களில் சிலவற்றில் மஞ்சள் மீண்டும் தலைகாட்டிற்று. மேற்புறத்தை வெளுப்பது வேறு, உள்ளிருக்கும் மாற்றத்தை நிறுத்துவது வேறு. அதன்பின் அக்கட்டைகளை அவற்றின் போக்கிலேயே விட்டுவிட்டோம்.

இனி நம் பிழைக்கு வருவோம். அந்தப் பெண் பொம்மையின் கன்னத்தில் கருங்கறை ஒன்று இருந்தது. சோப்பு நீருக்கு அசையவில்லை. பொறுமையிழந்து, வீட்டிலிருந்த நகச்சாயம் அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் தோய்த்து ஒரே இழுப்பாக இழுத்தோம். கறை போயிற்று. கூடவே இடக்கண்ணும் போயிற்று. பதறி வலப்பக்கத்தைச் சரிசெய்ய முயன்றதில் அக்கண்ணும் பாதி அழிந்தது. மாசற்ற முகம் ஒன்று குருடாய் நம் கையில் கிடந்தது.

அடுத்த வாரம் அத்தை வந்தார். பொம்மையை எடுத்தார். நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “இமை நான் எழுதியது” என்றார்.

அன்றுதான் முழுக்கதையும் கேட்டோம். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு அவரை நிறுத்திவிட்டனர். பெண்ணுக்கு அவ்வளவு படிப்புப் போதும் என்பது அக்காலத்துத் தீர்ப்பு. சில ஆண்டுகள் பால்மரம் வெட்டப் போனார். பின்பு, விடியுமுன் வரும் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறிப் பொம்மை செய்யுமிடத்திற்குப் போனார். அச்சு வைத்துத் தெளித்த வண்ணத்தின்மேல் மெல்லிய தூரிகையால் இமைமயிர் இழுப்பது அவர் வேலை. நாள் முழுவதும் கண், கண், கண். அந்தச் சம்பளத்தில்தான் அவர் தம்பி, அதாவது நம் தந்தை, இடைநிலைப்பள்ளியில் படித்தார். தந்தை படித்ததனால் நாம் படித்தோம்; படித்ததனால் இன்று தோட்டத்தில் கிராணியாகப் பேனா பிடிக்கிறோம். நமது பேனாவுக்கு மூலம் எதுவென்பது முப்பது வயது கடந்தபின், அதுவும் அந்தத் தூரிகையின் வேலையை நம் கையாலேயே அழித்தபின், நமக்குத் தெரியவந்தது!

“இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை, அத்தை?” என்றோம். “யாரும் கேட்கவில்லையே, தம்பி” என்றார்.

அன்பர்களே, இவ்விடையில் ஒரு சமூகத்தின் குற்றம் முழுவதும் அடங்கியிருக்கிறது. நவராத்திரியில் கொலு வைத்து மண்பொம்மைக்குப் பொட்டிட்டு வணங்குகிறோமே, அம்மண்ணைப் பிசைந்த குயவரின் பெயரை என்றேனும் கேட்டதுண்டா? அவரை நம் கூடத்தில் உட்காரவைத்ததுண்டா? பொருளைப் போற்றுகிறோம், செய்தவரை மறக்கிறோம். செய்தவர் பெண்ணாயிருந்தால் இரட்டிப்பாக மறக்கிறோம். சந்தையில் பொம்மையைப் புரட்டி நாட்டின் பெயரைத் தேடும் அந்தக் கூட்டத்தில் நாமும் நின்றவர்தாமே.

அறியாமல் செப்பனிடுவது கெடுப்பதே என்பதை நமது ஊரும் கண்டிருக்கிறது. ஜார்ஜ் டவுன் 2008இல் உலக மரபுடைமையாகப் பட்டியலிடப்பட்டது. இங்குள்ள பழங்கடைவீடுகளின் சுவர் சுண்ணச்சாந்தால் பூசியது. உள் ஈரத்தை அது வெளியே விடும். அதன்மேல் சிமெண்டு பூசினால் முதலில் பளபளக்கும். பின்பு ஈரம் உள்ளேயே சிறைப்பட்டுச் செங்கல் உதிரும். எதனால் ஆனது, யார் எவ்வாறு செய்தார் என்று அறிந்தபின் கைவைத்தால் சுவரும் பிழைக்கும், பொம்மையும் பிழைக்கும்.

பொம்மைக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மெல்லிய தூரிகையும் வண்ணமும் வாங்கி அத்தையின் முன் வைத்தோம். “கை நடுங்குகிறது” என்று தள்ளினார். இரண்டு மாதம் கழித்து ஒருநாள் தாமே கேட்டு வாங்கி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எழுதினார். இடக்கண் நன்றாய் அமைந்தது. வலக்கண் சற்றே மேலேறிவிட்டது. அழித்து மறுபடி எழுதலாமா என்றோம். “போதும், பார்க்கிறதல்லவா” என்றார்.

அப்பொம்மை இன்று நம் வீட்டு அலமாரியில், வெயில் படாத மூலையில் இருக்கிறது. நமது ஊரின் புழுக்கத்தில் பூஞ்சை பிடிக்குமாதலால் காற்றுப் புகாத பையில் அடைப்பதில்லை. மாதமொருமுறை வெறும் பஞ்சால் தூசி தட்டுவதோடு சரி. அதனருகே ஒரு சிறு சீட்டும் உண்டு. அதில் அத்தையின் பெயர், அவர் வேலை செய்த ஆண்டுகள், செய்த வேலை ஆகியவை எழுதியிருக்கின்றன.

வாசகர் வீடுகளிலும் இத்தகைய பெட்டிகள் இருக்கும். திறவுங்கள். சோப்பு நீரால் கழுவுங்கள். ஆனால் துலக்கியைக் கையில் எடுக்குமுன், வீட்டிலுள்ள மூத்த பெண்களைக் கூப்பிட்டு, “நீங்கள் அந்நாளில் எங்கே என்ன வேலை செய்தீர்கள்?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சொல்வதை எழுதி வையுங்கள்.