பொற்றாசியமும் அதன் துணையும்

மீன்தொட்டியில் நீர்ச்செடி வளர்க்கும் ஆர்வம் நம் இல்லங்களிற் பெருகி வருகின்றது. எமது வீட்டிலும் 100 லீற்றர் கொள்ளும் தொட்டியொன்று உண்டு. சில மாதங்களின் முன் அதிலுள்ள செடிகளின் முதிர்ந்த இலைகளில் ஊசித்துளைகள் தோன்றி, அவற்றின் ஓரம் மஞ்சளாயிற்று. இது பொற்றாசியக் குறைவின் அடையாளமாகும். பற்றாக்குறை நேரும்போது செடி தன் பழைய இலைகளிலிருந்து அந்தச் சத்தை எடுத்துத் தளிருக்கு ஊட்டுகின்றது. ஆதலால் மூத்த இலையே முதலில் வாடும்.

"வாழைக்கு இடுகிற சாம்பலை இதற்கும் போட்டாலென்ன, தம்பி?" என்றார் எம் தாயார். கேள்வி நியாயமானதே. விறகுச் சாம்பலிற் பொற்றாசியம் உண்டு. ஆயின் அது பெரும்பாலும் காபனேற்றாகவே உள்ளது. காபனேற்று நீரின் காரத்தன்மையை உயர்த்தும். காரம் மிகுந்தால், மீன்கழிவிலிருந்து தோன்றிப் பெரிதும் தீங்கின்றிக் கிடக்கும் அமோனியம், நச்சு அமோனியாவாக மாறி மீனின் செவுள்களைத் தாக்கும். செடியைக் காக்கப்போய் மீனை இழக்க நேரும்.

ஆகவே, பொற்றாசியம் நல்லதா என்று கேட்பதினும், அது எதனோடு கூடி வருகின்றது என்று கேட்பதே அறிவுடைமை. தோட்டத்துக் கலப்புப் பசளைகளில் யூரியாவோ அமோனியம் உப்போ கலந்திருப்பது வழக்கம். அவை மீன்தொட்டிக்கு ஆகா. பொற்றாசியம் நைத்திரேற்று செடிக்கு நல்லதே. எனினும் வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று முன்னரே மிகுந்துள்ளமையால், அந்நீரைத் தொட்டிக்கு இறைப்போர்க்கு அது வேண்டியதில்லை. பொற்றாசியம் சல்பேற்றையே நாம் தெரிந்துகொண்டோம். அதில் அமோனியமும் இல்லை. நீரின் காரத்தன்மையை அது உயர்த்துவதும் இல்லை.

அதன் நிறையில் ஏறக்குறைய 45 வீதம் பொற்றாசியமாகும். 1 கிராமை 100 லீற்றர் நீரிற் கரைத்தால், லீற்றருக்கு 4.5 மில்லிகிராம் பொற்றாசியம் சேரும். மாணவர்கள் தாமே கணித்துப் பார்க்கலாம். வாரந்தோறும் தொட்டியின் பாதி நீரை மாற்றியபின் இவ்வளவை இடுதல் எமக்குப் போதுமாயிற்று. துளைபட்ட இலைகள் மீண்டும் தேறா. அவற்றைக் கிள்ளி எறிந்தோம். பின்னர் வந்த இலைகள் குறையின்றி விரிந்தன.

தோட்டத்தில் இட்ட பசளையின் மிகையை மழை கழுவிச் செல்லும். தொட்டியிலோ இட்டதனைத்தும் மீன் மூச்சுவிடும் நீரிலேயே நிற்கும். அந்நீரை விட்டு விலக அதற்கு வேறிடமும் இல்லை. ஆதலால், உள்ளே இருப்பது யாதென்று பொதியில் எழுதப்படாத பொடியை, எவர் பரிந்து தந்தாலும், தொட்டியில் இடாதிருப்போமாக.